லண்டன் பழைய பப்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ‘ரெட் லயன்’ பற்றித்தான். அந்தப் பெயரில் லண்டனில் ஒரே காலத்தில் டஜன் கணக்கில் பப்கள் இருந்தன. பப்பின் பெயர் மட்டும் போதாது, தெருவும் பாரிஷும் (சர்ச் வட்டாரம்) ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் வேண்டும் என்று போன முறையும் எழுதினேன். சரி, மறுபடியும் எழுதுகிறேன்.

என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா லண்டனில் ரெட் லயன் என்ற பப்பை நடத்தினாராம். குடும்பப் பெயர் ஸ்மித். விவரம் தேடித் தர முடியுமா?

முடியாது. சென்னையில் முருகன் டீ ஸ்டால் வைத்திருந்த குமாரைத் தேடித் தரச் சொல்வது போல இருக்கிறது. முதலில் வீட்டில் இருக்கும் சான்றிதழ்களை எடுங்கள். இங்கிலாந்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. திருமணச் சான்றிதழில் மணமக்களின் அப்பாக்கள் பெயரும் தொழிலும் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் இருக்கும், பப்புக்கு மேல்மாடியில் பிறந்த குழந்தை என்றால் அந்தத் தெருவே கிடைத்துவிடும். தெரு கிடைத்த பிறகு எழுதுங்கள்.

ஈஸ்ட் ஹாமில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட் முன்பு பப்பாக இருந்தது. கிளார்க்கன்வெல் ஆவணக் காப்பகத்தில் மிடில்செக்ஸ் லைசென்ஸ் பதிவேடுகளை ஒரு நாள் முழுக்கப் புரட்டினேன். ஒன்றுமே இல்லை. அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. நீங்கள் கவுன்டி, அதாவது மாவட்டம், மாறிப் போய்விட்டீர்கள். ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, இல்ஃபர்ட் எல்லாம் 1965 வரை எசெக்ஸைச் சேர்ந்தவை. பழைய கவுன்டி ஆவணங்களுக்குச் செம்ஸ்ஃபோர்டு போக வேண்டும். டூட்டிங் வாசகர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: தேம்ஸுக்குத் தெற்கே சதர்க், லாம்பெத், டூட்டிங் 1889 வரை சர்ரே. கிரீனிச், டெட்ஃபர்ட் பக்கம் கென்ட். ஹாரோ, வெம்பிளி 1965 வரை மிடில்செக்ஸ். சிட்டி ஆஃப் லண்டன் எப்போதும் தனி ராஜ்யம்.

இன்னொன்று. ஈஸ்ட் ஹாம் தெருக்களில் பெரும்பாலானவை 1880-க்குப் பிறகு முளைத்தவை. உங்கள் பப்பும் அந்த வயதுதான் என்றால் 1828-க்கு முந்திய லைசென்ஸ் பதிவேட்டில் தேடவே வேண்டியதில்லை (1828 ஏன் என்று கீழே சொல்கிறேன்). டைரக்டரியில், அதாவது தெருவாரியாகவும் தொழில்வாரியாகவும் பெயர்களை அச்சிட்ட புத்தகத்தில், தொடங்குங்கள்.

1862 போஸ்ட் ஆபீஸ் டைரக்டரியில் ஒருவர் பெயர், 1863-இல் வேறொருவர் பெயர். கை மாறியது 1863-இல்தானே?

இல்லை. டைரக்டரிக்கான விவரத்தை முந்தைய ஆண்டின் கடைசியில் சேகரித்துவிடுவார்கள். 1861 கடைசிக்கும் 1862 கடைசிக்கும் நடுவில் மாறியிருக்கிறது. கவனக்குறைவால் பழைய பெயரே அடுத்த ஆண்டும் அச்சாவது உண்டு. சரியான தேதி வேண்டுமானால் ‘மார்னிங் அட்வர்டைசர்’ பாருங்கள். லைசென்ஸ்டு விக்ச்சுவலர்கள் (லைசென்ஸ் பெற்ற பப்காரர்கள்) சங்கம் 1794-இல் தொடங்கிய பத்திரிகை அது. பப் விற்பனை விளம்பரமும் கை மாற்றச் செய்தியும் அதில் நிறைய.

தேம்ஸ் கரையில், வாப்பிங்கில் ‘ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’யில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். 1520-இல் தொடங்கிய பப் என்று போட்டிருந்தது. 1520 முதல் இன்று வரை அதை நடத்தியவர்களின் பட்டியலை அனுப்ப முடியுமா? பேரனுக்குப் பள்ளி ப்ராஜெக்ட். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது, நல்லதாகப் போயிற்று. 1520-இல் அப்படி ஒரு பட்டியலை யார் எழுதி வைத்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஏல்ஹவுஸ் (அந்தக் கால பீர்க்கடை) நடத்த உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்ற சட்டமே 1552-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும், லைசென்ஸுக்காக எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. லைசென்ஸ் பதிவேட்டைக் கவுன்டி கிளார்க் பாதுகாக்க வேண்டும் என்று 1753 சட்டம் சொன்னது. 1828-இல் வந்த புதுச் சட்டத்தோடு அந்தக் கட்டாயம் போயிற்று, மறுபடி வந்தது 1872-இல். ஆகவே, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பப்புக்குச் சுமார் 270 ஆண்டுக்குப் பெயர் சொல்லலாம். அதிலும் நடுவில் ஒரு 45 ஆண்டை டைரக்டரியைக் கொண்டு ஒட்டுப்போட வேண்டும்.

இந்த ‘சுவரில் எழுதிய ஆண்டு’ விவகாரத்தில் எனக்குப் பல நாள் கோபம் உண்டு. ஒரு பப்புக்கு மூன்று வயது. அந்த மனையில் மது விற்கத் தொடங்கியது ஒன்று, இப்போது நிற்கிற கட்டிடம் எழுந்தது ஒன்று, இப்போதைய பெயர் வந்தது ஒன்று. மூன்றில் எது மிகப் பழையதோ, அதுவும் எது நிரூபிக்க முடியாததோ, அதைத் தேடிப் பிடித்துத் தங்க எழுத்தில் போடுவார்கள். வாப்பிங்கில் அந்த இடத்தில் பழங்காலத்திலேயே மதுக்கடை இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னால் அதை ‘டெவில்ஸ் டாவர்ன்’ என்றுதான் சொன்னார்கள். இப்போதைய பெயர் விட்பி துறைமுகத்துக் கப்பல் ஒன்றிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1520-இல் அந்தப் பெயரில் போய்க் கேட்டிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது.

ஒழுங்காகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃப்ளீட் தெரு ‘செஷயர் சீஸ்’ தன் பலகையில் 1667-இல் திரும்பக் கட்டியது என்று போட்டிருக்கிறது. 1666 பெருந்தீயில் சிட்டியில் சுமார் 13,000 வீடுகள் போய்விட்டன. தீ பரவிய பகுதியில் நின்றுகொண்டு அதற்கு முந்திய கட்டிடம் என்று ஒருவர் சொன்னால் பணிவாகச் சிரித்துவிட்டு நகருங்கள். சதர்க் ‘ஜார்ஜ் இன்’னை எடுத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே வரைபடத்தில் இருக்கிறது. 1676-இல் சதர்க்கில் வேறொரு தீ வந்தது, அதன் பிறகு கட்டியதுதான் இன்றைய கட்டிடம். அதிலும் பெரும்பகுதியை 19-ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனி இடித்துவிட்டது, மிஞ்சியது ஒரு பக்கம்தான். 1937 முதல் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது. லண்டனில் மாடத் தாழ்வாரத்தோடு மிஞ்சிய ஒரே பழைய சத்திரம் இது. பக்கத்திலேயே இருந்த ‘டபார்ட்’ அதே தீயில் எரிந்து, ‘டால்பட்’ என்ற பெயரில் எழுந்து, 1873-இல் இடிபட்டது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் டபார்ட் 1676-இல் ‘மூடப்பட்டது’ என்று எழுதிவிடுவீர்கள்.

சுவரில் மாட்டும் நடத்துநர் பட்டியலும் இப்படித்தான். பாதிக்கு மேல் ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு டைரக்டரியைப் பார்த்து, நடுவில் உள்ளதைத் தாங்களே நிரப்பியவை. லண்டன் பப் இரண்டு மூன்று ஆண்டில் கை மாறுவது சாதாரணம். நடுவில் வந்துபோன மூன்று பேர் அந்தப் பலகையில் காணாமல் போவார்கள். கொள்ளைக்காரர் டிக் டர்ப்பின் இங்கே குடித்தார் என்ற பலகையைப் பற்றி என்ன சொல்ல? 1739-இல் யார்க்கில் தூக்கில் போட்ட ஆள். அவர் குடித்ததாகச் சொல்லும் பப்களை எல்லாம் கூட்டினால் கொள்ளையடிக்க அவருக்கு நேரமே இருந்திருக்காது.

பேரனுக்கு ஜார்ஜ் இன்னைக் கொடுங்கள்.

எங்கள் பகுதிப் பப்பின் நிலவறையிலிருந்து ஆற்றுக்குச் சுரங்கப்பாதை உண்டாம். பேயும் உண்டாம். ஆவணம் எங்கே கிடைக்கும்?

சுரங்கம் என்பது பெரும்பாலும் பீப்பாய் இறக்கிய நிலவறையின் அடைத்த வாசல். பேய்க்கு லைசென்ஸ் பதிவேடு கிடையாது.

1850 வாக்கில் என் கொள்ளுப்பாட்டனார் பப் நடத்தியதாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள். டைரக்டரியில் ‘பப்ளிகன்’ பகுதியில் அவர் பெயரே இல்லை.

‘பீர் ரீடெய்லர்’ பகுதியைப் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், யாருமே பார்ப்பதில்லை. 1830 பீர்ஹவுஸ் சட்டப்படி வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் ஆண்டுக்கு 2 கினி (பழைய நாணயம்) கட்டி எக்சைஸ் என்ற வரித்துறையிலிருந்து லைசென்ஸ் வாங்கலாம், மாஜிஸ்திரேட் தயவு தேவையில்லை. பீர் மட்டும் விற்கலாம், ஜின் போன்ற சாராயம் கூடாது. முதல் ஆண்டிலேயே நாடு முழுக்க 20 ஆயிரத்துக்கு மேல் முளைத்தன. முன்னறையில் ஒரு பீப்பாயை வைத்து நடத்தியவர்கள் பலர், பெயர்ப்பலகைகூட இருக்காது. அந்த எக்சைஸ் பதிவுகள் மிஞ்சியது மிகக் குறைவு. 1869-இல்தான் பீர்ஹவுஸ்களும் மாஜிஸ்திரேட் கட்டுப்பாட்டுக்கு வந்தன. டைரக்டரியும் சென்சஸும்தான் உங்களுக்குக் கதி. சென்சஸில் பகலில் தச்சர், மாலையில் பீர் விற்பவர் என்று இரண்டு தொழிலும் சேர்ந்து வரலாம், அதையும் கவனியுங்கள்.

ஒரே பப், ஒரே தெரு. 1855-இல் 14, 1870-இல் 63. இடம் மாறியதா?

எண்தான் மாறியது. 1855-இல் மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் என்ற லண்டன் பொதுப்பணி வாரியம் வந்த பிறகு தெருக்களுக்குப் புது எண், புதுப் பெயர் என்று பல பத்தாண்டு இந்த வேலை நடந்தது. 1889-க்குப் பிறகு லண்டன் கவுன்டி கவுன்சிலும் விடவில்லை. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ‘டென் பெல்ஸ்’ நிற்கும் ஃபூர்னியே தெரு முன்பு சர்ச் தெரு. லண்டனில் சர்ச் தெரு எத்தனை இருந்தது என்று கேட்காதீர்கள். அந்தப் பப்பே 1976 முதல் 1988 வரை ‘ஜாக் த ரிப்பர்’ என்ற பெயரில் நடந்தது. அதனால்தான் பெயரை நம்பாதீர்கள், மனையைப் பிடியுங்கள் என்று சொல்கிறேன்.

டைரக்டரியின் தெருப் பகுதியில் ‘இங்கே இன்ன தெரு பிரிகிறது’ என்று நடுநடுவே போட்டிருப்பார்கள். பப் பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும். எந்தக் குறுக்குத் தெரு மூலை என்று இரண்டு டைரக்டரியிலும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

1790-களில் ஒருவர் பெயர், அப்புறம் ஒரு பெண் பெயர், அடுத்து வேறொரு ஆண் பெயர். இரண்டு முறை விற்றார்களா?

விற்காமலே இருந்திருக்கலாம். கணவர் இறந்ததும் லைசென்ஸ் விதவையின் பெயருக்கு வரும். அவர் மறுமணம் செய்தால் பெரும்பாலும் புதுக் கணவர் பெயருக்குப் போகும். பதிவேட்டில் மூன்று பேர், கல்லாவில் உட்கார்ந்தது முழுக்க ஒரே அம்மா. பாரிஷ் திருமணப் பதிவைப் பாருங்கள். முதல் கணவரின் உயிலையும் பாருங்கள். 1858-க்கு முன்னால் என்றால் சர்ச் நீதிமன்றங்களில் தேட வேண்டும். சன் ஃபயர் ஆபீஸ் காப்பீட்டுப் பதிவேடுகளையும் விட்டுவிடாதீர்கள், அவை 1710-இல் தொடங்குகின்றன. தட்டுமுட்டுச் சாமான், சரக்கு, துணிமணி என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருப்பார்கள்.

என் மனைவியின் மூதாதையர் 1881-இல் பெத்னல் கிரீனில் ஒரு பப்பின் லேண்ட்லார்டு. இவ்வளவு பெரிய கட்டிடம் குடும்பத்தை விட்டுப் போனது எப்படி? சட்டப்படி கேட்க வழி உண்டா? சுவர் ஓட்டில் ‘ட்ரூமன், ஹான்பரி, பக்ஸ்டன்’ என்று இருக்கிறது.

வக்கீலுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. ட்ரூமன் என்பது பிரிக் லேன் ப்ரூவரி, பீர் காய்ச்சும் ஆலை. பப்பில் லேண்ட்லார்டு என்றால் நடத்துகிறவர், கட்டிடத்தின் சொந்தக்காரர் என்று பொருள் இல்லை. கட்டிடமோ நீண்ட காலக் குத்தகையோ பெரும்பாலும் ப்ரூவரி கையில் இருக்கும், நடத்துகிறவர் அவர்கள் பீரைத்தான் விற்க வேண்டும். கடனும் ப்ரூவரியே கொடுக்கும், மீற முடியாது. ஓடு அவர் காலத்துக்குப் பிந்தியதாகவும் இருக்கலாம், அதனால் ப்ரூவரி ஆவணங்களில் குத்தகையைப் பாருங்கள். ட்ரூமன், விட்பிரெட், கரேஜ் ஆவணங்களில் நிறைய கிளார்க்கன்வெல்லில் இருக்கின்றன. 1910 நில மதிப்பீட்டுக் களப் புத்தகங்கள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உரிமையாளர் யார், குடியிருப்பவர் யார் என்று தனித்தனியாகவே அதில் எழுதியிருக்கும்.

கட்டிட உச்சியில் 1898 என்று செதுக்கியிருக்கிறது. அதற்கு முன் அங்கே பப் இல்லைதானே?

இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1890-களில் ப்ரூவரிகள் போட்டி போட்டுப் பப்களை வாங்கின. பழையதை இடித்து, கண்ணாடியும் மஹாகனியும் வைத்துப் புதிதாகக் கட்டிய காலம் அது. மூன்று வயது என்று மேலே சொன்னேனே, செதுக்கிய ஆண்டு இரண்டாவது வயது.

ஒரு பப் 1820-இல் இருந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஆள் பெயர் வேண்டாம். இலவச வழி?

லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லியின் வழக்கு நடவடிக்கைகள், 1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசம். சுமார் 2 லட்சம் வழக்குகள். திருட்டுப் போன வெள்ளிக் குவளை எத்தனை! சாட்சி சொல்ல வந்த பப்காரர் எடுத்தவுடனே தன் பப் எது, எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார். அப்புறம் செய்தித்தாளில் மரண விசாரணைச் செய்திகள். பிணத்தைப் பப் மாடியில் வைத்து விசாரிப்பது வழக்கமாக இருந்தது. வேறு இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் நடத்தக் கூடாது என்று 1902 சட்டம் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது.

1841 சென்சஸில் அவருக்கு வயது 35, 1851-இல் 49. ஒரே ஆள்தானா?

இருக்கலாம். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39-ம் 35 ஆகும்.

1930-களில் நடத்தியவரைத் தேடுகிறேன். 1931 சென்சஸை எங்கே பார்ப்பது?

எங்கேயும் பார்க்க முடியாது. 1942-இல் தீயில் போய்விட்டது. 1941-இல் சென்சஸ் எடுக்கவே இல்லை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேட்டைப் பாருங்கள். பப் முகவரியில் இருந்தவர்கள், அவர்கள் பிறந்த தேதி, தொழில் எல்லாம் கிடைக்கும். சில வரிகள் கறுப்பு அடித்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று மறைத்திருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழ் அனுப்பினால் திறந்துவிடுவார்கள்.