டெங்குவுக்குப் பின் எட்டு மாதக் களைப்பு: மனமா, உடம்பா?

டெங்கு மாறி எட்டு மாதமாகியும் தங்கை எழும்ப முடியாமல் கிடக்கிறா, வீட்டார் மனப்பிரச்சினை என்கிறார்கள், எது சரி என்று உப்புவெளியிலிருந்து கேட்டிருந்தீர்கள்.

தொற்றுக்குப் பின் இப்படி நீள்வது நாட்பட்ட களைப்பு நோயாக (ME/CFS) இருக்கலாம். அது மனமா உடம்பா என்ற வழக்கு பழசு. 1955இல் லண்டன் றோயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்கள் கூட்டமாக நோயுற்றதை, 1970இல் இரு மனநல மருத்துவர்கள் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். 2011இல் இந்த நோய் பற்றிய பேஸ் (PACE) என்ற பிரித்தானிய ஆய்வு, உடம்பை அசைக்கும் பயத்தைப் போக்கி உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் தேறலாம் என்றது. அங்கேதான் கோளாறு: உடல் இயக்கப் புள்ளி (100க்கு; கூடினால் நல்லது) 65 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நோயாளியாகச் சேரலாம், தேறியவராகக் கணக்கிட 60 போதும். சேரும்போதே ஒரு நிபந்தனையில் தேறியாச்சு! 2021இல் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனத்தின் வழிகாட்டி அந்தப் பயிற்சியைக் கைவிட்டது.

உயிரியல் பக்கமும் வென்றுவிடவில்லை. உறுதிசெய்ய ஒரு இரத்தப் பரிசோதனைகூட இல்லை; நம்பிக்கை தந்த றிட்டுக்ஸிமாப் மருந்தும் 2019 நோர்வே ஆய்வில் பலிக்கவில்லை.

என் கணிப்பில் உடம்புதான். மனச்சோர்வில் நாட்டமே இருக்காது. இதில் ஆசை இருக்கும், செய்தால் விழுத்தும். கோணேசர் கோயில் ஏற்றம் ஏறிய அன்று சமாளித்துவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுகிறாவா என்று பாருங்கள். பெயர் வைக்கமுன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரொயிட், சீனி, பி12 பார்க்க வேண்டும். பிறகு வைத்தியரிடம் பத்து நிமிட நிற்றல் சோதனை கேளுங்கள்: படுத்திருந்ததைவிட நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 கூடி அப்படியே நீடித்தால், அது எழுந்து நிற்கையில் நாடி ஏறும் கோளாறாக (POTS) இருக்கலாம்; களைப்பில் அந்தப் பகுதிக்கு மருந்துண்டு. அதுவரை, முடியும் என்று தோன்றுவதில் பாதியோடு நிறுத்தட்டும். சித்திரை வெக்கையில் அதிலும் குறைவு.