கம்பாலா வருமுன் மஞ்சள் காய்ச்சல் ஊசி

தம்பி, அடுத்த மாதம் மனைவி, அம்மாவோடு சென்னையிலிருந்து இங்கே உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால் ஒரு வாரம் படுத்துவிடுவோம் என்று யாரோ சொன்னார்களாம், எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள்.

நானும் மனைவியும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில்தான் ஒரே நாளில் போட்டுக்கொண்டோம். அவளுக்குக் கை வலிகூட இல்லை. எனக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் காய்ச்சல் அடித்தது. தலைவலி, இடுப்பெல்லாம் கடுப்பு. கார்த்திகை மழை நேரம், தெருவெல்லாம் டெங்கு பயம். அம்மா பதறிப்போய் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டரிடம் ஊசி போட்ட தேதியைச் சொன்னேன். ரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்று உறுதி செய்தபின் பாரசிட்டமால் மட்டும் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது.

இது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். உடம்புக்குள் பெருகித்தான் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும், அதனால் காய்ச்சல் வந்தாலும் சில நாள் கழித்தே வரும். மறுநாள் நன்றாக இருக்கிறோமே என்று அந்த வாரத்திலேயே வீடு காலி செய்கிற வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டதற்கான சான்றிதழும் 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் ஊருக்குத் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்துவார்கள். அந்தக் கண்டிப்பு நியாயம்தான். இந்தியாவில் இந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தெருவிலேயே இருக்கிறது.

எனக்குக் கவலை உங்கள் அம்மாவைப் பற்றித்தான். 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுகிறவர்களுக்குக் கல்லீரலையோ மூளையையோ தாக்கும் பின்விளைவு, மிக அரிது என்றாலும், மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. வரிசையில் நிற்கவைக்கும் முன், அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் பேசுங்கள். முட்டை ஒவ்வாமை, ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்றால் விலக்குச் சான்று வாங்கி, அதை ஏற்பார்களா என்று உகாண்டா தூதரகத்தில் கேளுங்கள். போட்டுக்கொண்டால், கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, கண் மஞ்சளாவது, குழப்பமான பேச்சு இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அம்மா விஷயம் முடிவான பிறகு டிக்கெட் போடுங்கள் தம்பி.