பில் இல்லாமல் விற்கப்போன சிலம்பு

அன்புள்ள ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் வகுப்புத் தேர்வில் 'கோவலன் கொலை செய்யப்பட்டது ஏன்?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. இவன் 'பில் இல்லாமல் நகை விற்கப் போனதால்' என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்திருக்கிறான். ஆசிரியர் சிவப்பு மையில் பெரிய சைபர் போட்டு, 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் கவலை வந்தது. வாட்ஸ்அப்பில் இதுபோல எத்தனையோ விடைத்தாள்கள் சுற்றுகின்றன. அவற்றுக்கெல்லாம் எப்படித்தான் மதிப்பெண் போடுகிறார்கள்? பொதுத்தேர்வுத் தாள் திருத்திய அனுபவம் உள்ளவர் நீங்கள். எங்கள் பையனுக்கு என்ன போட்டிருப்பீர்கள்? பள்ளிக்குப் போய் நான் என்ன பேசுவது?

(பெயர் வேண்டாம்), தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு மதிப்பெண் போட்டிருப்பேன். சிரிக்க வைத்ததற்காக அல்ல, பதிலில் விஷயம் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பு இப்படித்தான் இருக்கும்: அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போட்டான், ஒரு மதிப்பெண், பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான், ஒரு மதிப்பெண். உங்கள் பையன் சொல்வது என்ன? சிலம்பு தன்னுடையதுதான் என்று காட்டக் கோவலன் கையில் எதுவும் இல்லை. அது உண்மைதானே? பொற்கொல்லன் துணிந்ததே அதனால்தான். இன்னும் வேடிக்கை, பில் இருக்கத்தான் செய்தது. சிலம்புக்குள்ளேயே இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கண்ணகி வந்து உடைத்துக் காட்டும்வரை யாரும் பார்க்கவில்லை. கொல்ல வந்தவர்களே கோவலனைப் பார்த்து, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போதும் யாரும் சிலம்பைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. ஆக, பையன் பாதிக் கதையைச் சரியாகப் பிடித்திருக்கிறான். யார் விசாரித்திருக்க வேண்டும் என்ற மறுபாதியை எழுதவில்லை. ஒரு மதிப்பெண் போனது அதற்காக.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிக்கு மேல் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது என்பது என் சந்தேகம். சில படங்களில் மாணவன் கையெழுத்தும் ஆசிரியர் கையெழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உண்மையான விடைத்தாளில் சிரிப்பு வருகிற இடத்தில், எழுதிய பிள்ளைக்கு அது சிரிப்பு என்றே தெரிந்திருக்காது.

பத்தாம் வகுப்புத் திருத்தும் மையத்தில் என் கைக்கு வந்த தாள் ஒன்று. மழை வெள்ளத்தின்போது உதவிய நண்பனைப் பாராட்டிக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள், ஐந்து மதிப்பெண். இடம், நாள் எல்லாம் சுத்தமாக இருந்தது. 'அன்புள்ள நண்பா, நலம், நலமறிய ஆவல். மற்றவை நேரில்.' அவ்வளவுதான் கடிதம். கீழே 'இப்படிக்கு, உன் அன்பு நண்பன்', அதற்கும் கீழே கட்டம் போட்டு உறைமேல் முகவரி, பின்கோடு உட்பட. வாய்விட்டுப் படித்தேன், மேஜையே சிரித்தது. ஆனால் இடம், நாள், விளி, உறைமேல் முகவரி இவற்றுக்கெல்லாம் விடைக்குறிப்பில் தனித்தனியாக மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு வந்தது. போட்டேன். முதன்மைத் தேர்வாளரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அங்கே அவ்வளவுதான் முடியும். காலையில் 15 தாள், மதியம் 15 தாள். முகப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள், யார் எழுதியது என்று தெரியாது. கூட்டலைச் சரிபார்க்க ஒருவர், நாம் போட்டதை மறுபடி பார்க்க ஒருவர். 'அக்கா கல்யாணம், எப்படியாவது பாஸ் போடுங்க' என்று எழுதினாலும் சரி, நடுவில் நூறு ரூபாய் நோட்டு செருகினாலும் சரி, விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. இன்னொன்றும் உங்கள் பையனிடம் சொல்லிவையுங்கள். கோபத்திலோ விளையாட்டாகவோ தாளில் எழுதிய எல்லா விடைகளையும் தானே கோடு போட்டு அடித்தால், பொதுத்தேர்வில் அது ஒழுங்கீனம். முடிவை நிறுத்தி வைப்பார்கள். அடுத்த இரண்டு தேர்வும் எழுத முடியாது.

வகுப்புத் தேர்வு அப்படியல்ல. பையன் எதிரிலேயே இருக்கிறான், கூப்பிட்டுக் கேட்கலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அலெக்சாண்டர் கலாண்ட்ரா எழுதி 1968இல் ஒரு வார இதழில் வந்த கதை இருக்கிறது. காற்றழுத்தமானியை வைத்து ஒரு கட்டடத்தின் உயரத்தை அளப்பது எப்படி என்று கேள்வி. மாணவன், 'மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கு, கயிற்றின் நீளத்தை அள' என்று எழுதினான். ஆசிரியர் பூஜ்யம் என்கிறார், மாணவன் முழு மதிப்பெண் கேட்கிறான், பஞ்சாயத்து கலாண்ட்ராவிடம் வருகிறது. அவர் இரண்டு பக்கமும் சாயவில்லை. ஆறு நிமிடம் தருகிறேன், இயற்பியல் தெரியும் என்று காட்டும்படி மறுபடி எழுது என்கிறார். மாடியிலிருந்து கருவியைக் கீழே போட்டு, விழும் நேரத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடலாம் என்று பையன் எழுதுகிறான். ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைக்கிறது. (இந்த மாணவன்தான் பின்னாளில் இயற்பியல் மேதையான நீல்ஸ் போர் என்று சேர்த்துப் பரப்புகிறார்கள். நம்பாதீர்கள். போர் 1922லேயே நோபல் பரிசு வாங்கியவர்.)

எனக்கு அந்த ஆறு நிமிடம் பிடிக்கும். கிண்டல் அடிக்கிற பிள்ளைக்கு விஷயம் தெரியுமா, தெரியாததை மறைக்கிறானா என்று கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி இல்லை. நாற்பது ஐம்பது நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்துபோய் இரவில் திருத்துகிற ஆசிரியருக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போவதும் எனக்குப் புரிகிறது. பக்கம் பக்கமாக ஒரே நோட்ஸ் வரிகளைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் 'பில்' என்று பார்த்தால், ஒன்று சிரிப்பு வரும், இல்லையென்றால் கோபம் வரும். அவருக்கு அன்று கோபம் வந்திருக்கிறது.

அதனால் பள்ளிக்குப் போங்கள். மதிப்பெண்ணுக்காகச் சண்டை வேண்டாம். பையனையும் கூட நிறுத்திக்கொண்டு, 'அந்த பில்லை யார் கேட்டிருக்கணும், யார் கேட்கலை, இதையும் சேர்த்து இப்பவே எழுதித் தரட்டுமா சார்?' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான தமிழாசிரியர்கள் பேப்பரை எடுத்து நீட்டிவிடுவார்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், வகுப்புத் தேர்வுதானே.

நீங்கள் அனுப்பிய விடைத்தாள் படத்தை இங்கே போடவில்லை. அதில் ஆசிரியரின் கையொப்பம் இருக்கிறது. நீங்களும் குடும்ப குரூப்பில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.