காசுக்காகப் போனாளா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெண்கள் கால்பந்தைச் சமீபமாகத்தான் பார்க்கத் தொடங்கினேன். நைஜீரியாவின் அசிசாத் ஒஷோவாலாவைப் பற்றி வாசித்தபோது ஏமாற்றமாக இருந்தது. இருபது வயதில் லிவர்பூல், அடுத்து ஆர்சனல், அங்கிருந்து 2017இல் சீனாவுக்குப் போய்விட்டாள். பிறகு பார்சிலோனாவில் எல்லாம் வென்றும் அமெரிக்கா, கடைசியில் சவுதி. ரொனால்டோ சவுதிக்குப் போனார் என்றால் எல்லாவற்றையும் சாதித்துவிட்டுப் போனார். இவள் காசுக்காகத் திறமையை வீணடித்துவிட்டாளோ? ‘பெண் ரொனால்டோ’ என்று இவளைச் சொல்லலாமா? ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

செ.

அன்புள்ள செ.,

ரொனால்டோ ‘போனார்’, ஒஷோவாலா ‘போனாள்’. இருவரும் போனது ஒரே நாட்டுக்கு, ஒரே வேலைக்கு. அனுப்புவதற்கு முன் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்திருக்கலாம். ‘பெண் ரொனால்டோ’ கேள்வியை விட்டுவிடுவோம். ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருதை ஆறு முறை வாங்கியவருக்கு இரவல் பெயர் எதற்கு?

சீனா விஷயம் எளிது. 2015இல் இங்கிலாந்தின் முதல் பிரிவில் மொத்தமே எட்டு அணிகள். ஆண்டு முழுக்க 14 லீக் ஆட்டங்கள். முழங்காலில் அடிபட்டு இரண்டு மாதம் உட்கார்ந்தால் சீசனில் பெரும்பங்கு போயிற்று. லிவர்பூலில் அவருக்கு அதுதான் நடந்தது. ஆர்சனலில் 2016இன் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) கிடைத்தது, லீக் கோல்கள் சொற்பம். கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கருக்கு வாரா வாரம் ஆட்டம் வேண்டும். தடுக்க நிற்கும் டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் எந்த நொடியில் ஓட்டம் எடுப்பது, ஆஃப்சைட் கோட்டில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் காலுக்குள் இருக்கும் கணக்கு. பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் மறப்பது அதுதான். சீனாவில் அவர் சேர்ந்த டாலியன் கிளப்பில் முதல் சீசனிலேயே லீக் பட்டம், கூடவே அதிக கோல் அடித்தவர் என்ற பெயர்.

இன்னொன்று, சீன லீக் ஆண்டு முடிவதற்குள் முடிந்துவிடும். ஐரோப்பிய லீக் ஜனவரியில் பாதி வழியில் நிற்கும், ஆள் மாற்றவும் அனுமதி உண்டு. 2019 ஜனவரியில் பார்சிலோனா அவரை லோனில், அதாவது தற்காலிகமாக, எடுத்தது அந்த இடைவெளியில்தான். மே 18, புடாபெஸ்டில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பிரான்ஸின் லியோன் அணி அரைமணிக்குள் நான்கு கோல் போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டது. பார்சிலோனாவுக்கு ஆறுதலாக வந்த ஒரே கோல், கடைசி நிமிடங்களில் இவர் அடித்தது. இரண்டு ஆண்டுகளில் அதே கோப்பை கையில். 2021–22 ஸ்பெயின் லீக்கில் 20 கோல். வீணடித்தவரின் கணக்கு இப்படித்தான் இருக்குமா?

சரி, காசு. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் வாயைக் கிளறிவிட்டது. 2016 டிசம்பரில் நைஜீரியப் பெண்கள் அணி ஆப்பிரிக்கக் கோப்பையோடு ஊர் திரும்பியது. பேசிய ஊக்கத்தொகை வரவில்லை. அபுஜாவில் ஓட்டலைக் காலி செய்ய மறுத்து உட்கார்ந்தார்கள், நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். 2004இலும் இதே கதை. 2019 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் தோற்ற பிறகும் இதே கதை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூலிக்கு நின்றவர்களிடம் ‘காசுக்காகவா போனாய்’ என்று கேட்க நமக்கு நாக்கு கூச வேண்டாமா?

என் மனத்தாங்கல் வேறு. காசு போதவில்லை என்பது பாதிதான். வரும் காசும் அவரை வளர்த்த இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. ஒஷோவாலா லாகோஸ் பக்கம் இகோரொடுவில் பிறந்து, எஃப்.சி. ரோபோவிலும் ரிவர்ஸ் ஏஞ்சல்ஸிலும் ஆடியவர். அப்படிப்பட்ட கிளப்புகளுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

ஃபிஃபா விதிநூலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பயிற்சி இழப்பீடு. இளம் ஆட்டக்காரர் முதல்முறை தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது வளர்த்த கிளப்புக்குத் தருவது. பெண்கள் கால்பந்துக்கு இது பொருந்தாது என்று விதியே விலக்கி வைத்திருக்கிறது. பெண் ஆட்டக்காரரின் விலை குறைவு, இழப்பீடு கேட்டால் கிளப்புகள் எடுக்கத் தயங்கும் என்பது சொல்லப்படும் காரணம். இரண்டாவது, ஒருமைப்பாட்டுப் பங்கு. ஒப்பந்தம் முடியும் முன்பே ஒருவரை விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயது முதல் 23 வயது வரை அவரை வைத்திருந்த கிளப்புகளுக்குப் பிரியும். 12–15 வயதில் ஆண்டுக்கு 0.25, அதன்பின் ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

ஜாம்பியாவின் பார்ப்ரா பாண்டாவை 2024இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ கிளப் வாங்கியது சுமார் 7,40,000 டாலருக்கு. அந்த அளவு விலைபோகும் பெண்ணை 12 முதல் 17 வரை ஒரே கிளப் வைத்திருந்தால், முதல் நான்கு ஆண்டுக்கு 7,400, அடுத்த இரண்டுக்கு இன்னொரு 7,400. ஆக 14,800 டாலர். கடன் வாங்கிப் பந்து வாங்கும் கிளப்புக்கு இது பெரிய பணம்.

வருவதில்லை. ஏன்? முதலாவது, பெண்களோடு ஓராண்டு ஈராண்டு ஒப்பந்தமே வழக்கம். முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்துப் போட விதி அனுமதிக்கிறது. முடிந்ததும் சும்மா போகலாம். விலை பூஜ்யம் என்றால் அதில் ஐந்து சதவீதமும் பூஜ்யம். இரண்டாவது, பதிவுத் தாள். பாரிஸில் ஃபிஃபா வைத்திருக்கும் தீர்வகம் 2022 நவம்பர் முதல் இந்தப் பணத்தைப் பிரிக்கிறது. நாட்டுச் சங்கங்களின் மின்பதிவுகளை ஒட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டக் கடவுச்சீட்டு தயாராகும். எந்தத் தேதியில் எந்தக் கிளப்பில் சேர்ந்தார், எப்போது விலகினார், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் தெருவில் பையன்களோடு ஆடிக்கொண்டிருப்பாள்; எந்த அட்டையிலும் பெயர் ஏறியிருக்காது. ஏறினாலும் ஓரிடத்தில் ஒரு எழுத்து கூடும், ஓரிடத்தில் பிறந்த தேதி மாறும், விலகிய தேதிக் கட்டம் காலியாக நிற்கும். பதிவில்லாத ஆண்டுக்கு யாரும் கை நீட்ட முடியாது.

ஆகவே லாகோஸிலோ ஜாம்பியாவின் லுசாகாவிலோ பெண்கள் அணி நடத்துபவர் முதலில் செய்ய வேண்டியது புது பந்து வாங்குவதல்ல. ஒவ்வொரு பெண்ணையும் 12 வயதிலேயே சங்கத்தில் பதிந்து, பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்தில் பெயரை ஏற்றி, ரசீதை வாங்கி வைப்பது. வெளிநாட்டுக்கு 18க்கு முன் போக விதியில் பொதுவாக இடமில்லை. ஆகவே அதற்குள் உள்ளூரில் ஒப்பந்தம் போடுங்கள்; அது முடியும் முன் வாங்க வருபவர் விலை கொடுத்தாக வேண்டும். 18 வயதுக்குக் கீழே மூன்று ஆண்டு வரைதான் போடலாம். அவசரத்தில் ஐந்து ஆண்டு எழுதினால் மூன்றுக்கு மேற்பட்ட பகுதி செல்லாது.

உங்கள் கடைசிக் கேள்வியை மறந்தே போனேன். 2023 ஜூலை 27, பெண்கள் உலகக் கோப்பை, பிரிஸ்பேன், ஆஸ்திரேலியாவுடன். 72வது நிமிடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் டிஃபென்டர் அலானா கென்னடி பந்தைத் தன் கோல்கீப்பரிடம் தள்ளிவிட நினைக்கிறார், கோல்கீப்பர் மெக்கன்சி ஆர்னால்ட் முன்னே வருகிறார். மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த ஒஷோவாலா இருவருக்கும் நடுவே போகிறார். கோணம் ஒடுங்கிய இடத்திலிருந்து ஒரே தட்டு. பந்தைப் பார்க்காதீர்கள். கென்னடி தொடுவதற்கு முந்தைய இரண்டு நொடியில் ஒஷோவாலாவின் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.