கோபம் தணிந்த பிறகும் பிபி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில். மூன்று மாதமாக பிபி 150/96-க்குக் கீழே வரவில்லை. 'டென்ஷன்தான், அது போனா இதுவும் போயிரும்' என்று மாத்திரையை நினைத்தால் போடுகிறார், நினைத்தால் நிறுத்துகிறார். டென்ஷனால் மட்டும் பிபி வருமா டாக்டர்?

பதில்: தெருவில் நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும் இல்லையா, அது பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. தண்டுவடத்தில் இருந்து கிளம்பி இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் போகிற இந்த நரம்புகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து குழாய்களை இறுக்கும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது இதுவரைக்கும் சரி.

ஆனால் சிலருக்கு, முக்கியமாகத் தொப்பை போட்டவர்களுக்கு, நாயே இல்லாதபோதும் இந்த நரம்புகள் அடங்குவதில்லை. அதே நரம்பு சிறுநீரகத்தைத் தூண்டி ரெனின் என்ற பொருளைச் சுரக்க வைக்கும், அதனால் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். (அப்பளத்தில் உப்பு மட்டுமில்லை, அப்பளக்காரமும் சோடியம்தான். ருசி பார்ப்பதைக் குறைக்கச் சொல்லுங்கள்.) கழுத்துத் தமனியில் அழுத்தத்தைக் கண்காணிக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன, ஏறினால் மூளைக்குச் சொல்லிக் குறைக்க வைப்பது அவைதான். நாள்கணக்கில் அழுத்தம் கூடியே இருந்தால் அதுதான் சரியான அளவு என்று அவையும் பழகிவிடும். கோபம் போயும் பிபி நிற்பது இதனால்தான்.

அவர் குறட்டை விடுவாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் முதலில் கேட்பது அதைத்தான். சத்தமாக வந்த குறட்டை திடீரென்று நின்று, வயிறு மட்டும் ஏறி இறங்கி, அப்புறம் திணறலோடு 'ஹா' என்று மூச்சு வந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. ஒவ்வொரு அடைப்பிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், நரம்பு சீறும், பிபி எகிறும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் பகலிலும் அது தணியாது. தூங்குகிறவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி.

மாத்திரை விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பயம். அவர் போடுவது இந்த நரம்பின் வேகத்தை அடக்குகிற பீட்டா பிளாக்கர், குளோனிடின் மாதிரி பிபி மாத்திரையாக இருந்தால், திடீரென்று நிறுத்தும்போது அடக்கி வைத்த நரம்பு முன்னைவிட வேகமாகப் பாயும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். சிறுநீரக நரம்பைச் சூடு வைத்துத் தணிக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் அதில் பிபி கொஞ்சம்தான் இறங்கும், பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையும் தொடரும்.

ஏழு நாள் காலையும் மாலையும் வீட்டிலேயே பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்த பிறகு, சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் வெறும் கையில். சராசரி 135/85-ஐத் தாண்டினால் வீட்டிலும் பிபி அதிகம் என்றுதான் அர்த்தம். அந்த நோட்டையும், போனில் எடுத்த குறட்டை வீடியோவையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.