பழைய படங்களை எதில் சேமிப்பது? கேள்வி பதில்

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: அண்ணே, அப்பா அம்மா கல்யாணப் படங்களை ஒரு தம்ப்டிரைவில் போட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறேன். போதும்தானே?

போதாதும்மா. தம்ப்டிரைவில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். இன்றைக்கே வேறொன்றில் காப்பி எடுங்கள்.

செந்தூல் வாசகர்: அப்போ எஸ்எஸ்டி?

அதுவும் தம்ப்டிரைவ் மாதிரி சிப்பில் சேமிக்கிற டிஸ்க்தான், வேகத்துக்குத்தான் அந்த விலை. எழுதும் ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் 1 வருஷம் தாங்கினால் போதும் என்கிறது சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதி. புதிது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் மத்தியானத்தில் நம் பூட்டிய அறைகள் 30ஐத் தாண்டாதா?

ஜார்ஜ்டவுன் வாசகர்: 2005ல் எரித்த சிடிகளில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

பொறுங்க அண்ணே! அது பூசணம், நம்ம ஊர் ஈரம் செய்கிற வேலை. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தகவல் ஓடும் தடத்தோடேயே போகும். பிறகு டிரைவால் சரிக்கட்ட முடியாது. பெயர் எழுதிய பக்கத்தில் கை வைக்காதீர்கள், சிடியில் அந்த மேல்பூச்சுக்கு அடியில்தான் தகவலே இருக்கிறது. ஒரு டிரைவ் படிக்காவிட்டால் இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். உள்ளே தகவலைத் தாங்கும் சாயமே வெளுத்திருந்தால் கழுவிப் பயனில்லை.

அதே வாசகர்: எம்-டிஸ்க் வாங்கலாமா?

அதுவும் எரிக்கிற டிஸ்க்தான், சாயத்துக்குப் பதில் அதில் கனிமப் படலம். 1000 வருஷம் என்பது தயாரிப்பாளர் சொல்வது. அதுவரை டிரைவ் விற்பார்களா தெரியவில்லை! பிறப்புப் பத்திரம், தாத்தா பாட்டி படம் மாதிரிச் சிலவற்றுக்கு வாங்கலாம்.

கிள்ளான் வாசகி: நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள்?

வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று என்னிடம், மற்றது ஈப்போவில் அக்கா வீட்டில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே வீட்டில் பத்து காப்பி இருந்தாலும் ஒரே தண்ணீர்தான். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். தீபாவளிக்கு வீடு கழுவும்போது இரண்டையும் செருகி ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். செருகியபடியே விடுவதில்லை, இடி ஒன்று போதும். 5 வருஷமானால் புது டிஸ்க். கிளவுட் எனக்கு மூன்றாவது காப்பி மட்டும்.

பூச்சோங் வாசகர்: ஆன்லைனில் 16 டெராபைட் தம்ப்டிரைவ் 40 ரிங்கிட்டுக்கு வாங்கிவிட்டேன் பாஸ்.

அந்த விலைக்கு அவ்வளவு கொள்ளளவு நம்பும்படி இல்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். உண்மையில் எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்துவிடும். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் செய்யுங்கள் தம்பி.