கல்லாகிப் போன வீரனை என்ன செய்வது?

கேள்வி: நான்கு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டி, மேசையைச் சுற்றி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பை நடத்தி வருகிறேன். எல்லாரும் நான்காம் லெவல். போன செஷனில் பாசிலிஸ்க் என்ற, பார்வையாலேயே கல்லாக்கும் மிருகத்தின் கண் பட்டு ஒருவருடைய வீரன் கல்லாகிவிட்டான். மற்ற மூவரும் அந்த மிருகத்தைக் கொன்றுவிட்டார்கள், ஆனால் அவனை மீட்கும் மந்திரம் யாரிடமும் இல்லை. நண்பருக்கு முகமே வாடிவிட்டது. "சரி, புது கேரக்டர் போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். நடந்ததை ரத்து செய்துவிடலாமா, இல்லை இதை வைத்தே கதையை நகர்த்த முடியுமா?

பதில்: நகர்த்தலாம். ரத்து மட்டும் செய்யாதீர்கள். பாசிலிஸ்க் ஒரே அடியில் யாரையும் கல்லாக்குவதில்லை. முதல் டைஸில் தவறினால் உடம்பு விறைக்கத் தொடங்கும், அடுத்ததிலும் தவறினால்தான் கல். அந்த இரண்டாவது டைஸ் உருண்டபோது உங்கள் மேசையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அதை இல்லை என்று ஆக்கிவிட்டால், இனி எந்த ஆபத்தையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் கதையை யோசிக்கும் முன் நண்பரிடம் தனியாகப் பேசுங்கள். அந்த வீரனை இன்னும் விளையாட ஆசை இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்தச் சிலையை ஒரு மலைப்பாதையில் நிறுத்தி, கதையில் அவனுக்கு மரியாதையான ஓர் இடம் கொடுத்துவிட்டுப் புது கேரக்டரை வரவேற்றுவிடுங்கள். ஆசை இருக்கிறது, ஆனால் வழி தெரியாமல்தான் அப்படிச் சொன்னார் என்றால் (பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்) மேலே படியுங்கள்.

2014 விதிப்புத்தகத்தில் கல்லான நிலையைப் பற்றிய பகுதியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எடை 10 மடங்காகும். வயது ஏறாது. சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. ஃப்ளெஷ் டு ஸ்டோன் என்ற கல்லாக்கும் மந்திரத்தின் விவரத்தில் இன்னொன்றும் உண்டு: கல்லாக இருக்கும்போது ஏதாவது உடைந்தால், உயிர் திரும்பியபின் அந்தக் குறை உடம்பிலும் இருக்கும். இவை எல்லாமே உங்களுக்குக் கிடைத்த கதைக்கருக்கள். 80 கிலோ ஆள் இப்போது 800 கிலோ. அவனைக் குகைக்கு வெளியே கொண்டுவருவதே ஒரு செஷன். உருளைக்கட்டைகள் வேண்டும், மாடுகள் வேண்டும், கயிற்றுப்பாலம் வந்தால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் வண்டி சாய்ந்தால் ஒரு விரல் உடைந்துபோகலாம். அங்கேயே விட்டுவிட்டுப் போனாலோ, திரும்பி வரும்போது சிலை இருந்த இடம் காலி; தரையில் வண்டிச்சக்கரத் தடம் மட்டும்.

மீட்கும் வழி என்ன? கிரேட்டர் ரெஸ்டோரேஷன் ஐந்தாம் நிலை மந்திரம். அதற்கு ஒன்பதாம் லெவல் கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் செய்பவர்) போன்ற ஒருவர் வேண்டும், 100 பொற்காசு மதிப்புள்ள வைரத்தூளும் வேண்டும். உங்கள் குழுவுக்கு அது எட்டாது. அப்படியானால் ஒரு பெரிய கோயிலின் தலைமைக் குருவைத் தேடிப் போக வேண்டும், அவர் சும்மா செய்ய மாட்டார். பணத்தைவிட வாக்குறுதியைக் கேட்கும் குருதான் கதைக்கு நல்லவர். ஏனென்றால் அந்தக் கடன் பத்து செஷன் கழித்தும் திரும்பி வரும்.

இன்னொரு வழி உங்கள் குழுவின் காலடியிலேயே கிடக்கிறது. 2014-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற மிருக விவரப் புத்தகத்தில், பாசிலிஸ்க்கின் தொண்டைப்பையைப் பக்குவமாகப் பதப்படுத்தினால் கல்லானவர்களை மீட்கும் எண்ணெய் கிடைக்கும் என்றும், சில ரசவாதிகளுக்கு அந்த முறை தெரியும் என்றும் இருக்கிறது. மிருகத்தைத்தான் ஏற்கெனவே கொன்றுவிட்டார்களே! பிணம் அழுகுவதற்குள் தொண்டைப்பையை வெட்டி எடுக்க வேண்டும், ரசவாதியைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்லுக்குக் காலக்கெடு கிடையாது, ஆனால் இறைச்சிக்கு உண்டு. அந்த அவசரம் உங்களுக்குத் தேவை.

இரண்டு வழிகளையும் அவர்கள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் கடன், மற்றதில் காலநெருக்கடி. எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில்தான் அந்தக் குழு எப்படிப்பட்டது என்று தெரியவரும். ஒரே பாதையை மட்டும் கொடுத்தால், நீங்கள் எழுதி வைத்ததை அவர்கள் நடித்துக் காட்டுவதாக ஆகிவிடும்.

உண்மையில் பலர் சறுக்குவது வேறு இடத்தில். வீரன் கல்லாக நிற்கும்போது நண்பர் என்ன செய்வார்? ஒரு செஷன்கூட அவரை வெறுமனே உட்கார வைக்காதீர்கள். ரசவாதியின் மாணவி, வண்டிக்காரன், அந்த மலையை அறிந்த வேட்டைக்காரி என்று ஒரு தற்காலிகக் கேரக்டரைக் கொடுங்கள். அதற்கும் சொந்தமாக ஓர் ஆசை இருக்கட்டும். மூன்று செஷனுக்குள் வீரன் திரும்பி வந்துவிட வேண்டும். நான் ஒருமுறை இதை ஆறு செஷன் இழுத்தேன். கதை நன்றாகத்தான் போனது, ஆனால் தன் கேரக்டருக்காகக் காத்திருந்த நண்பர் ஐந்தாவதுக்கு வரவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

வீரன் கண் விழிக்கும்போது வெறும் பழைய நிலைக்குத் திரும்பினால் போதாது. அவனைப் பொறுத்தவரை ஒரு நொடிதான் ஆகியிருக்கும், உலகத்தில் வாரங்கள் போயிருக்கும். எதிரிகள் அவன் செத்துவிட்டதாக நம்பலாம். அது இதற்குமுன் அவனிடம் இல்லாத ஆயுதம். உடம்பில் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டுமா, எங்கே என்பதை நண்பரே சொல்லட்டும். அவனுடைய திறன் எண்களைக் குறைத்துப் பலவீனமாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்ட அடிக்கு மேல் அபராதம் எதற்கு?

சாவு நேர்ந்தாலும் இதே வழிதான், காலக்கெடுவை விதிகளே கொடுத்துவிடுகின்றன. இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், இறந்து 10 நாளுக்குள் செய்ய வேண்டும். ரீஇன்கார்னேட் என்றால் புது உடம்பு, அது எந்த இனம் என்பதை டைஸ் முடிவு செய்யலாம். மற்ற கேம்களிலும் இந்த யோசனை உண்டு. டன்ஜன் வேர்ல்டில் சாகும் தருவாயில் இரண்டு ஆறுமுக டைஸ் உருட்டி 7 முதல் 9 வரை விழுந்தால், மரணமே வந்து ஒரு பேரம் பேசும். 13த் ஏஜில், மேசையில் எல்லாரும் சம்மதித்தால் விழுந்தவர்களையும் தூக்கிக்கொண்டு நிச்சயமாகத் தப்பிவிடலாம். பதிலுக்குக் கதையில் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். இவற்றைக் கடன் வாங்கத் தயங்காதீர்கள்.

அடுத்த செஷனைக் குகைக்குள்ளேயே தொடங்குங்கள். தீப்பந்தம் அணையப் போகிறது, நடுவில் சிலை, பக்கத்தில் பாசிலிஸ்க்கின் பிணம். நண்பர் ஆடும் வேட்டைக்காரி வாசலில் வந்து நின்று, பிணத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "அந்தத் தொண்டையை யாரும் வெட்டிவிடவில்லையே?"